பூலாம்பாடியிலிருந்து பச்சைமலைக்கு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம்மவர் வாயில் உதகமண்டலம், கொடைக்கானல் என்ற இரண்டு பெயர்களைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. கொல்லைப்புறத்திலேயே ஒரு மலை இருந்தாலும் அது நம் கண்ணில் படுவதில்லை. பெரம்பலூர் ஜில்லா, வேப்பந்தட்டை வட்டத்தைச் சேர்ந்த பூலாம்பாடியில் நின்று மேற்கே நோக்கினால் வானத்தின் ஓரத்தில் படுத்திருக்கும் பச்சைமலையைத்தான் சொல்லுகிறோம். சென்ற வைகாசியில் அம்மலைமீது ஏறி வருவதென்று தீர்மானித்தோம். கூடவே நம் புதல்வனும், இரண்டு நாய்களும்.

நாய்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒன்று சிப்பிப்பாறை ஜாதி, நீண்ட கால், ஒட்டிய வயிறு, பெயர் வெள்ளையன். நம் நாட்டு நாய்களின் பெருமையை இப்போது சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டார்கள் அல்லவா? மற்றொன்று கருப்பன். அதற்கு ஜாதியுமில்லை, விலையுமில்லை. பள்ளிக்கூட வாசலில் கிடந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட உத்தேசம். காப்பி, இட்டிலி, குடை, தொப்பி என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து ஏழு மணியாகிவிட்டது. வழியில் ஏரியைக் கண்டோம். ஐப்பசியில் கடல்போல் அலையடிக்கும் ஏரி, நடுவில் ஒரு குட்டை நீருடன், வெடித்த மண்ணாய்க் கிடந்தது.

பச்சைமலை ஒற்றைச் சிகரமன்று. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 முதல் 1,000 மீட்டர் வரை உயர்ந்து, பெரம்பலூர், திருச்சி, சேலம் ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் மேட்டு நிலம். ஒரு முடியில் ஏறினால் அடுத்த முடி நம்மை அழைக்கும். அங்கு வாழும் மலையாளி மக்கள் மரவள்ளியும் பலாவும் பயிரிடுகிறார்கள். பெயரைக் கண்டு கேரளத்தார் என்று எண்ண வேண்டாம். மலையை ஆளுபவர் என்று பொருள் கூறுவர். காஞ்சியிலிருந்து வந்த சகோதரர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

இரண்டாவது முடியை எட்டியபோது மணி பதினொன்று. பாறை தோசைக் கல்லாய்க் காய்ந்தது. வழியில் வெள்ளையனுக்கு இரண்டு முறை தண்ணீர் வைத்தோம். கருப்பனுக்கு வைக்கவில்லை, 'தெருவில் வளர்ந்தது, எதையும் தாங்கும்' என்று எண்ணிவிட்டோம். மிச்சத்தை நாமும் புதல்வனும் குடித்துத் தீர்த்தோம்.

திடீரென்று கருப்பன் உட்கார்ந்துவிட்டது. நாக்கு முழுதும் வெளியே தொங்கியது. ஈறு செக்கச் சிவந்திருந்தது. எழுப்பினால் கால் தள்ளாடியது. மனிதனைப்போல் நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்க்கும். மற்றபடி இரைத்து இரைத்துத்தான் உஷ்ணத்தை வெளியேற்ற வேண்டும். வகுப்பில் பல முறை சொல்லிக் கொடுத்த பாடந்தான். அன்று நமக்கு நினைவு வரவில்லை.

"அப்பா, செத்துப் போய்விடுமா?" என்று புதல்வன் கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் நின்றோம்.

அப்பொழுது விறகுச் சுமையோடு ஒரு மலைவாசிப் பெரியவர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. சுமையை இறக்கிவிட்டுக் கருப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு மரங்களுக்கிடையே இறங்கினார். அங்கே பாறை இடுக்கில் ஒரு சுனை. அடிவயிற்றையும் பாதங்களையும் நனைத்து, இலைக் கொத்தால் விசிறச் சொன்னார். வாயில் நீரை ஊற்றப்போன பையனைத் தடுத்தார்: "புரையேறிடும் தம்பி. தானா நக்கட்டும்."

அரை மணி நேரம் கழித்துக் கருப்பன் தலையைத் தூக்கித் தானே நீரை நக்கியது.

"மனுசனுக்குத் தாகமெடுத்தா வாயத் தொறந்து கேப்பான். நாயி எப்படிங்க ஐயா கேக்கும்?" என்றார் பெரியவர். நாம் தலை குனிந்தோம். அவர் வெள்ளையனையும் பார்த்தார். "இதக் கயித்துல பிடிங்க. மானும் முயலும் இந்தத் தண்ணிக்குத்தான் வரும்" என்றார். நியாயமான பேச்சு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அவிழ்த்துவிட்ட நாய்க்குச் சட்டம் தெரியுமா? தடுப்பூசி போடாத நாயினால் காட்டு மிருகங்களுக்கு நோய் பரவுவதும் உண்டு.

நிழலிலேயே இருந்து வெயில் தாழ்ந்தபின் இறங்கினோம். இறக்கத்தில் கீழே பார்த்தால், மலை மடிப்புகளிலிருந்து ஓடைத் தடங்கள் ஏரிகளை நோக்கிச் செல்வது கைரேகைபோல் தெரிந்தது. இம்மலையில் பிறக்கும் கல்லாறு வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. மேலே மரமும் சுனையும் இருக்கும் வரையில்தான் கீழே ஏரிக்கு வாழ்வு. காலையில் ஏரியைக் கண்டு வருந்திய நாம், அதன் தாய்வீட்டிலேயே அன்று உயிர்ப்பிச்சை பெற்றோம்.

பச்சைமலைக்குப் போக விரும்பும் குடும்பத்தார் தை மாதத்தில் போகலாம். நாயை அழைத்துச் செல்வோர் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். புறங்கையைப் பாறையில் வைத்துப் பார்த்து, நம்மால் பொறுக்க முடியாவிட்டால் நாயை அதில் நடத்தக் கூடாது. இப்போதெல்லாம் நம் வீட்டில் தண்ணீர்ச் சட்டி முதலில் கருப்பனுக்குத்தான் வைக்கப்படுகிறது. வெள்ளையனுக்கு அதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.