வாடகை இடமும் சில கேள்விக்குறிகளும்

சிறுபத்திரிகைக்காரன் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது பெரும்பாலும் சந்தாவைப் பற்றியதாகவே இருக்கும். நான் வாடகையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 2006இலிருந்து என் கட்டுரைகளும், பின்னால் என் நண்பர் ஒருவரின் கவிதைகளும், இணையத்தில் ஒரு வாடகை இடத்தில் இருந்தன. ஆரம்பத்தில் வருஷத்துக்கு 1,800 ரூபாய். 2023இல் 11,000ஐத் தாண்டிவிட்டது. கணக்கு டாலரில். ரூபாய் இறங்க இறங்க, நான் ஒரு வரிகூட எழுதாமலேயே வாடகை ஏறிக்கொண்டிருந்தது. அதற்குமேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பென்ஷன் வாங்குகிறவனுக்கு இது கட்டாது. 2,600 ரூபாய்க்கு வேறு இடம் பார்த்து மாறினேன்.

மாறுவது எளிது என்றார்கள். முகவரி வேறு, இடம் வேறு. முகவரி ஒருவரிடம் பதிவாகியிருக்கிறது. எழுத்து இன்னொருவருடைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. இடம் மாறினால் முகவரி எந்தக் கம்ப்யூட்டரைக் காட்ட வேண்டும் என்று மட்டும் மாற்றிச் சொன்னால் போதும். அந்தச் செய்தி எங்கும் பரவ ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதுவரை ஒரே முகவரியைத் தட்டிய இருவரில் ஈரோட்டுக்காரர் பழைய வீட்டையும் பொள்ளாச்சிக்காரர் புதிய வீட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இந்த இரண்டு நாள் அந்தரம் பிடித்திருந்தது. பிறகு நடந்ததுதான் பிடிக்கவில்லை.

மலிவான இடத்துக்கு மாறுவது எனக்கு முதல் அனுபவமல்ல. 1982இல் நாங்கள் சிலர் முந்நூறு பிரதி போட்டுக்கொண்டிருந்த பத்திரிகையை, கோவையில் ஃபாரத்துக்குக் கூலி ஏறிவிட்டது என்று, பொள்ளாச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு டிரெடில் அச்சகத்துக்குக் கொண்டுபோனோம். எட்டுப் பக்கத்துக்கு மேல் கோர்க்க அங்கே எழுத்து கிடையாது. எட்டுப் பக்கம் கோர்த்து, அடித்து, எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்ட பிறகுதான் அடுத்த எட்டு. கவிதை ஈயத்தில் நின்றது ஒரு நாள். பிறகு அதே ஈயம் யாருடைய பூப்புனித நன்னீராட்டு விழாவுக்கோ போயிற்று. எழுத்துச் சீர்திருத்தம் 1978இலேயே அரசாணையாகிவிட்டது என்றாலும், ஈயம் தேய்ந்து தீர்ந்தால்தானே புது எழுத்து வாங்குவார்கள்? துதிக்கை தூக்கிய பழைய 'லை'யும் சங்கிலிக் கொம்பு போட்ட புதிய 'லை'யும் ஒரே வரியில் அக்கம்பக்கமாக நின்றன.

"ஷ பத்தாதுங்க, ச போட்டுக்கட்டுங்களா?" என்று கம்பாசிட்டர் கேட்டார். சரி என்றேன். இதழ் முழுக்க விஷயம் விசயம் ஆயிற்று, வருஷம் வருசம் ஆயிற்று. அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு விமர்சகர், கொங்கு மண்ணின் பேச்சு வாசனையை நான் உரைநடைக்குள் கொண்டுவந்துவிட்டதாக ஒன்றரைப் பக்கம் எழுதினார். நான் அவரைத் திருத்தவில்லை. பாராட்டு ருசியாக இருந்தது.

2001இல் ஜியோசிட்டீஸில் இலவசமாக இடம் கிடைத்தது. இலவசம் கோவைக்குப் புதிதல்ல. 1971இல் இங்கே வானம்பாடி 'விலையிலாக் கவிமடல்' என்றுதான் வந்தது. அந்தக் கவிதைகளின் உரத்த குரலோடு எனக்கு அன்றும் இன்றும் உடன்பாடில்லை. ஆனால் விலை இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமில்லை என்பதை அந்த மடலைக் கையில் வாங்கியவர்கள் அறிவார்கள். இணையத்து இலவசத்தில் அந்தப் பிரக்ஞையே எனக்கு இல்லாமல் போயிற்று. 1999இல் யாகூ வாங்கிய ஜியோசிட்டீஸை 2009இல் அதே யாகூ மூடியது. நல்லவேளை, நான் அதற்கு முன்பே வெளியேறியிருந்தேன். யூனிகோட் வந்துவிட்டதால் எழுத்துருவை மாற்ற வேண்டியிருந்தது; அப்படியே இடத்தையும் மாற்றிக்கொண்டேன்.

அந்த எழுத்துரு மாற்றத்தில் ஒரு வேடிக்கை. ஜியோசிட்டீஸ் நாட்களில் நான் தட்டியது டிஸ்கி முறையில். அதில் 'கே' என்று வைக்க முதலில் கொம்பு, பிறகு க. கம்பாசிட்டர் ஈயத்தில் எடுத்து வைக்கும் அதே வரிசை; கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடில் முதலில் க, பிறகு ஏகாரக் குறி. வாய் சொல்லும் வரிசை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே கொம்பு இடம் மாறியிருக்கிறது. இந்த வரிசை விவரம் பின்னால் எனக்குத் தேவைப்படும் என்று அப்போது நினைக்கவில்லை.

2023 ஜூனில் பழைய இடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றினேன். நானேதான் செய்தேன், யாரையும் கேட்கவில்லை. திறந்தால் என் கட்டுரைகள் இருந்த இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வியாபார முத்திரையும் மாறி மாறி வரிவரியாக ஓடின. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று துண்டாகச் சேமிக்கப்படுகிறது. அந்தத் துண்டுகளைத் தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால் இப்படித் தெரியுமாம். பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். கட்டுரைகள் ஒரு புள்ளி குறையாமல் வந்தன.

நண்பரின் கவிதைகள் வரவில்லை. அங்கே வெறும் கேள்விக்குறிகள்.

"ஏனுங் சார், பழைய எடம் இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டான். தவணை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவர்கள் துடைத்துவிட்டிருந்தார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நான் படிக்காமல் சம்மதித்திருக்கிறேன்.

அவன் விளக்கியது இது. என் கட்டுரைகள் இருந்த பெட்டியின்மேல் 'லத்தீன்' என்று தவறான சீட்டு ஒட்டியிருந்தது; உள்ளே இருந்தது தமிழ். 2006இல் விவரம் தெரியாமல் அமைத்தது. நண்பரின் கவிதைகளுக்காகப் பின்னால் நான் கற்றுக்கொண்டு, முறையாகச் சீட்டு ஒட்டி ஒரு தனிப் பெட்டி அமைத்தேன். இறக்கும்போது 'எல்லாவற்றையும் லத்தீனில் கொடு' என்று கேட்டிருக்கிறேன். லத்தீன் சீட்டு ஒட்டிய பெட்டியை இயந்திரம் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது. சரியான சீட்டு ஒட்டிய பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குறிக்கும் லத்தீனில் நிகர் தேடி, கிடைக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டது. தவறாகச் செய்தது பிழைத்தது. ஒழுங்காகச் செய்தது அழிந்தது. இதற்கு நான் வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

நண்பர் 2016இல் இறந்தார். காங்கயம் பக்கம். மொத்தம் 23 கவிதைகள்தான் எழுதினார். பதினேழு பத்திரிகைகளில் வந்தவை; தேடி எடுத்துவிட்டேன். ஆறு கவிதைகளை அவர் நேரே என் தளத்தில்தான் ஏற்றினார். இன்டர்நெட் ஆர்க்கைவில் என் முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது, உள்பக்கங்கள் இல்லை. அவருடைய நோட்டுகள் அவர் இறந்த வருஷமே பழைய பேப்பரோடு போய்விட்டிருந்தன.

ஆறில் மூன்று எனக்கு மனப்பாடம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கேள்விக்குறிகள் கவிதையின் வடிவத்தை அப்படியே வைத்திருந்தன. வரி உடையும் இடம், சொல்லுக்கிடையே இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேதமில்லாமல் இருந்தன. குறிக்கு ஒரு கேள்விக்குறி. 'கி' என்றால் க ஒன்று, மேல்சுழி ஒன்று, ஆக இரண்டு. என் ஞாபகத்திலிருந்த வரியை எழுதி எண்ணிப் பார்த்தேன்.

அந்தக் கவிதை கொறங்காட்டைப் பற்றியது. காங்கயம் மாடுகள் மேயும், வெள்வேல் மரங்கள் நிற்கிற, கொழுக்கட்டைப்புல் வளர்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம், சுற்றிலும் உயிர்வேலி. 'கிளுவை வேலி' என்று அதில் ஒரு இடம் வரும். 2012இல் அந்தக் கவிதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதன் மையமே இந்தக் கிளுவைதான். மற்றவர்கள் முள் என்றும் வேலி என்றும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் இவர் ஊருக்குள் வழங்கும் சொல்லை வைத்திருக்கிறார், இந்தத் துல்லியம்தான் கவித்துவம் என்று நான்கு பக்கம் வாதாடியிருக்கிறேன். நம்மில் இரண்டொருவர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியதும் உண்டு.

கிளுவைக்கு ஆறு குறி வேண்டும். அந்த இடத்தில் இருந்தது இப்படி:

????? ????

இரண்டாவது சொல் வேலியாக இருக்கலாம், நான்கு சரி. முதல் சொல்லுக்கு ஐந்துதான். திரும்பத் திரும்ப எண்ணினேன். கள்ளி என்றால் ஐந்து. வேறு எத்தனையோ சொற்களும் ஐந்து வரும். கிளுவை வராது. கவிதையில் இல்லாத ஒரு சொல்லை நானே வைத்து, அதற்கு நானே விமர்சனம் எழுதியிருக்கிறேன். எழுதும்போது பிரதி என் தளத்திலேயே இருந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை, மனப்பாடம் அல்லவா? பொள்ளாச்சி அச்சகத்தின் 'ச'வைப் பாராட்டிய சென்னைக்காரராவது அச்சில் இருந்ததைப் படித்தார்.

கடைசிச் சொல்லுக்கு ஒன்பது. கொறங்காடு ஒன்பது. ஆனால் மேய்ச்சலும் ஒன்பது. கேள்விக்குறிகளால் இல்லை என்று சொல்ல முடிகிறது, ஆம் என்று சொல்ல முடியவில்லை. மனப்பாடம் என்று நான் நினைத்த மூன்று கவிதைகளில் ஒன்றுகூட எண்ணிக்கைக்கு முழுதாகத் தேறவில்லை.

காங்கயம் போய் அவர் மனைவியைப் பார்த்தேன். காப்பி கொடுத்தார். விஷயத்தைச் சொல்லி, வேலி என்ன வேலி என்று கேட்டேன்.

"எங்க காட்டுக்குக் கிளுவைதானுங்ணா. இன்னும் நிக்குதே, போகையில பாத்துட்டுப் போங்க. அவுரு என்ன எழுதுனாருன்னு நானெங்கீங்ணா படிச்சேன்."

போகும்போது பார்த்தேன். கிளுவைதான். அவர் தினமும் பார்த்த வேலி கிளுவையாக இருந்தும் கவிதையில் வேறொன்றை வைத்திருக்கிறார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். நான் எழுதியிருக்க வேண்டிய கட்டுரை அதுதான்.

2012 கட்டுரையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை, எண்ணிக்கை விவரத்தை அதன் தலையில் நான்கு வரியில் சேர்த்திருக்கிறேன். ஆறு கவிதைகளும் கேள்விக்குறிகளாகவே தளத்தில் இருக்கின்றன, ஞாபகத்தால் நிரப்பாமல்.

புதிய இடத்தின் 2,600 ரூபாய் முதல் தவணைக்கு மட்டும் என்பதைப் பிறகு கவனித்தேன். அடுத்த தவணை அதைப் போல இரண்டரை மடங்கு. ஆகவே மறுபடியும் மாற வேண்டிவரும். டவுன்ஹாலில் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பதினேழு கவிதைகளையும் கையால் எழுதி முடித்தேன். மீதிப் பக்கங்களில் மற்ற ஆறு. கேள்விக்குறிகளை எண்ணி எண்ணி எழுதுவதற்கு இரண்டு ராத்திரி ஆயிற்று.