அடிநீரைத் தொடும் நரம்பு

ட்ரவுட் மீன் நீருக்கு மேலே துள்ளும் காட்சியைத்தான் எல்லாரும் படமெடுத்து மாட்டுகிறார்கள். அது வயிறு வளர்ப்பதோ பெரும்பாலும் கீழே, கூழாங்கல்லிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். ஆற்றுப்பூச்சிகள் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இறக்கை முளைக்காத பருவத்தில் கல்லுக்கடியில் கழிக்கின்றன. இறக்கையோடு வெளியே பறப்பது சில மணி நேரத்திலிருந்து சில வாரங்கள் வரைதான். அந்த இளம்பூச்சிதான் நிம்ஃப். அதன் சாயலில் ஒரு தூண்டில் முள்ளைச் சுற்றி நூலும் இறகும் கட்டி, ஆற்றின் அடியில் ஓடவிட்டு, கைக்கும் அதற்கும் இடையில் நரம்பு கொஞ்சமும் தொய்யாமல் பார்த்துக்கொள்வது டைட்லைன் நிம்ஃபிங். ஃப்ளை ஃபிஷிங்கில் எனக்குப் பிடித்த வழி இது. ஆற்றை இவ்வளவு நெருக்கமாக அறிய வைக்கும் வேறொரு முறையை நான் பார்த்ததில்லை.

பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில், பல்கலைக்கழக ஊரான ஸ்டேட் காலேஜுக்குப் பக்கத்தில் ஸ்ப்ரிங் கிரீக் ஓடுகிறது. சுண்ணாம்புக்கல் ஊற்றுகள் ஊட்டி வளர்க்கும் ஓடை. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸிலேயே இருப்பதால், கரையெல்லாம் பனி மூடிக் கிடக்கும் ஜனவரியிலும் மீன் மேயும். அடியில் இறால் இனத்துச் சிற்றுயிர்கள் மண்டிக் கிடக்கின்றன. இந்த ஓடைக்கரைகளில் நிம்ஃப் வித்தைக்கு ஒரு பரம்பரையே உண்டு. ஜார்ஜ் ஹார்வி 1947இலேயே இதைப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் உள்ள பாடமாக்கினார். அவருக்குப் பின் வந்த ஜோ ஹம்ஃப்ரீஸ், நரம்பில் ஈயக்குண்டைக் கடித்துப் பொருத்தி, தொய்வில்லாமல் அடிநீரில் ஓட்டும் முறையை மாணவர்களுக்கும், 1981இல் எழுதிய நூல் வழியாக ஊருக்கும் கற்பித்தார்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா வீரர்கள், கனத்த நிம்ஃப்களைக் கோல் நுனிக்கு நேர்கீழே ஓடவிட்டு உலகப் போட்டிகளில் எல்லாரையும் திகைக்க வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் நரம்பை நீட்டி, மெல்லியதாக்கி, மீனுக்குத் தள்ளி நின்றே அதைச் செய்தார்கள். இன்று யூரோ நிம்ஃபிங் என்று கடைகளில் விற்பது இவை எல்லாம் கலந்த முறை.

இதன் சூட்சுமம் முழுவதும் ஒரு சின்ன இயற்பியலில் இருக்கிறது. வழக்கமான முறையில் ரீலிலிருந்து வரும் கனமான லைன்தான் செயற்கை ஈயைச் சுமந்துகொண்டு பறக்கிறது. நிம்ஃபுக்கு அந்தக் கனமே பகை. கோல் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே லைன் தன் எடையாலேயே வளைந்து தொங்கி, அடியில் ஓட வேண்டிய நிம்ஃபை நம் பக்கம் இழுத்துவிடும். ஆகவே லைனை ரீலிலேயே விட்டுவிட்டு, கோலைவிட நீளமான மெல்லிய மோனோ நரம்பை முன்னால் கட்டுகிறோம். அதன் முடிவில் இரண்டு நிறத்தில் அரை மீட்டர் வண்ண நரம்பு, சைட்டர். அதற்குக் கீழே நிம்ஃபைக் கட்டும் கடைசி நரம்பு, 6எக்ஸ் டிப்பெட், 0.127 மில்லிமீட்டர்தான். மெல்லிய நரம்பைத் தண்ணீர் பிடித்துத் தள்ளாது, நிம்ஃப் விரைவாக அடியைத் தொடும்.

எடைக்கு நிம்ஃபின் தலையில் டங்ஸ்டன் மணி. ஒரு கன சென்டிமீட்டருக்குப் பித்தளை எட்டரை கிராம். டங்ஸ்டன் பத்தொன்பதுக்கும் மேல். உடம்பைப் பருமனாக்காமல் கனத்தை ஏற்றிவிடலாம். மணி உட்காரும் ஜிக் முள்ளின் கழுத்து வளைந்திருப்பதால், முனை மேல்நோக்கி நிற்கும். கல்லில் மாட்டுவது குறையும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது கோலைப் பற்றி. பத்தரை அடி நீளம், மூன்றாம் எண் (இலேசான லைனுக்கான) கோல் சுகமானது. நீளம் இருந்தால் நடு நீரோட்டத்தைத் தாண்டி நரம்பைத் தூக்கிப் பிடிக்கலாம், நுனி மென்மையாக இருந்தால் மெல்லிய டிப்பெட் அறாது. ஆனாலும் என் அழுத்தமான கருத்து இதுதான்: வீட்டில் ஒன்பதடிக் கோல் இருந்தால் அதிலேயே மோனோ நரம்பைக் கட்டித் தொடங்குங்கள். கோலுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்கை 2.4, 2.8, 3.3 மில்லிமீட்டர் மணிகளில் போடுங்கள். மீன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்த அரை மில்லிமீட்டரில்தான் நிற்கிறது.

இனி ஆற்றுக்குள். மேல்நோக்கிச் சற்றுச் சாய்வாக, ஆறேழு மீட்டருக்குள் வீசுகிறோம். நிம்ஃப் அமிழ்ந்ததும் கோல் நுனியைத் தூக்கி, தொய்வை எடுத்துவிட்டு, ஓட்டத்தின் வேகத்திலேயே நுனியைக் கூட நகர்த்துகிறோம். பக்கத்தில் மிதக்கும் நுரையைப் பாருங்கள். ஆற்றின் அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடும். அடியில் கற்கள் தடுக்கின்றன. சைட்டர் நுரையோடு சமமாகப் போனால் நிம்ஃப் இன்னும் மேலேயே மிதக்கிறது. நுரை முந்திப் போக, சைட்டர் பின்தங்கினால் மீன் சாப்பிடும் மட்டத்துக்கு வந்துவிட்டோம். இந்த ஒரு அடையாளத்தைக் கண் பழகிக்கொண்டால் பாதி வித்தை கைவந்துவிடும்.

மற்ற பாதி கையில். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் தேடியவர்களுக்கு இது உடனே புரியும். கண்ணுக்குத் தெரியாத அடிமட்டத்தில் இது சேறு, இது கல், இது வாளியின் காது என்று கயிறே சொல்லும். இங்கும் சரளையும் பாசியும் வேரும் வேறுவேறு விதமாகத் தட்டுகின்றன. மீன் கொத்துவது பல நேரம் இழுப்பாகவே தெரியாது. சைட்டர் ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். நண்பரின் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தபோது அவள் கேட்டாள்: “அங்கிள், என்னமோ தட்டுதே, கல்லா மீனா?” “கேக்காதம்மா, சுண்டு. கல்லுன்னா ஒரு நஷ்டமும் இல்ல” என்றேன். மணிக்கட்டால் மெல்லச் சுண்டினாள், கல்தான். அதற்கடுத்த தட்டல் கல் இல்லை. பழுப்பு ட்ரவுட், வட்டச் செம்புள்ளிகளோடு, வலைக்குள் இருந்தபடியே அவள் முகத்தில் தண்ணீரை அடித்தது.

இதை ஃப்ளை ஃபிஷிங் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். சண்டை பழசு. ஜி. இ. எம். ஸ்க்யூஸ் 1910இல் இங்கிலாந்தின் சுண்ணாம்பு ஓடைகளில் நிம்ஃபுக்காக வாதாடத் தொடங்கியபோது, மிதக்கும் ஈதான் மரபு என்ற ஹால்ஃபோர்டின் வழிவந்தவர்கள் கொதித்தார்கள். 1938இல் லண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் விவாதமே வைத்து அவரை மடக்கினார்கள். பிறகு ஏவன் ஆற்றங்கரைக் காவலர் ஃபிராங்க் சாயர், நூலுக்குப் பதில் செம்புக் கம்பியால் செம்போத்து நிற ஃபெசன்ட் வால் இறகைச் சுற்றி நிம்ஃப் கட்டிக் காட்டினார். அதே நிம்ஃப் இன்று டங்ஸ்டன் தலையோடு என் பெட்டியில் முதல் வரிசையில் இருக்கிறது. மீன் எங்கே, எதை உண்கிறதோ அங்கே, அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது மரபுக்கு எதிரானது என்று என்னால் ஏற்க முடியாது.

ஆனால் மறுதரப்பின் கவலையில் ஒரு பகுதி நியாயம். இந்த முறை மிக நன்றாகப் பலிக்கிறது. ஒரே குழியில் நின்று அங்கிருக்கும் மீன்களையெல்லாம் வரிசையாகத் தொட்டுவிடலாம். ஸ்ப்ரிங் கிரீக்கில் கீபோன், மைரெக்ஸ் என்ற நஞ்சுகள் கலந்ததால், பிடித்த மீனை எடுத்துச் செல்வது 1982 முதல் தடை. சாப்பாட்டுக்கு ஆகாது என்று விடப்பட்ட அந்த மீன்கள்தாம் ஓடையை நிரப்பின. இங்கே ஒவ்வொரு மீனும் திரும்பத் திரும்பப் பிடிபட்டு, திரும்பத் திரும்பப் பிழைக்க வேண்டிய மீன்.

ஆகவே இந்த வித்தையைக் கற்கிறவர்களிடம் என் வேண்டுகோள்: முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், தொய்வில்லாத நரம்பில் அது இல்லாமலே மீன் நிற்கும். மீனைத் தண்ணீருக்குள் வைத்தே விடுவியுங்கள். அக்டோபர், நவம்பரில் ஆற்றடியில் பளிச்சென்று கழுவிவிட்டது போன்ற சரளைத் திட்டு தெரிந்தால் மிதிக்காதீர்கள், அது பழுப்பு ட்ரவுட் முட்டையிட்ட இடம். சட்டைப்பையில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். கோடையில் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால், மீன் எவ்வளவு கொத்தினாலும் கோலைக் கழற்றி வையுங்கள். அந்தச் சூட்டில் போராடிய ட்ரவுட் நீந்திப் போனாலும் பிழைப்பது சந்தேகம்.