கணக்கில் வராதவர்

சென்ற விடுமுறையில் ஜார்ஜ் டவுனிலுள்ள தமக்கையார் இல்லம் சென்றிருந்தேன். மருமகன் கணினியில் ‘ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4’ என்னும் யுத்த விளையாட்டில் மூழ்கியிருந்தான். 2016-இல் ஸ்வீடன் நிறுவனமொன்று வெளியிட்டது அது. பிற தேசங்கள் சரித்திரத்தையொட்டி நடக்க அதில் ஓர் ஏற்பாடுண்டு. வேண்டிய தேசத்திற்கு வலிமை கூட்டிச் சமப்படுத்த மற்றோர் ஏற்பாடுமுண்டு.

“மாமா, மலாயாவைக் காப்பாற்றிவிட்டேன்!” என்றான்.

நடந்ததோ வேறு. 1941 டிசம்பர் 11-இல் இந்நகரின்மேல் குண்டுகள் விழுந்தன. ஐரோப்பியரைக் கப்பலேற்றிய சர்க்கார் ஏனையோரைக் கைவிட்டது. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் தளபதியல்லர். பத்திரிகாசிரியர் சரவணமுத்து என்னும் தமிழர். பின்னர் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் ஒருவரான என் பூட்டனார் திரும்பவேயில்லை.

விளையாட்டில் இவரெல்லாம் ‘ஆள்பலம்’ என்னும் ஓர் எண்ணே. நானோ தோட்டக் கிராணி. செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வீட்டில் உலை ஏறாதென்பதை அறிவேன். தேசங்களுக்குள் சமநிலை தேடுவோர், தேசமென்று எண்ணப்படாத மக்களை எந்தத் தராசில் நிறுப்பர்?

ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேனல்லேன். பூட்டனாரின் பெயரையும் கதையையும் சொன்னேன். நம் பிள்ளைகளுக்கு அதனை நாமன்றி யார் சொல்வர்?