முகப்பில் ஒரு தொகை, உள்ளே ஒரு வரம்பு

வானொலி விளம்பரத்தின் கடைசியில் 'விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். என் வேலையில் நான் மிக வேகமாக வாசிக்கும் வரி அதுதான். தம்போயில் இருக்கும் எங்கள் தெரஸ் வீட்டுக்குக் காப்புறுதியைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தபோது, அந்த விதிமுறைகளை அம்மாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டினேன்.

வீட்டுப் பொருள்களுக்கான தொகை 30,000 ரிங்கிட் என்று முகப்பிலேயே இருந்தது.

"நகை திருடு போனா முப்பதாயிரமும் கிடைச்சிடும்தானே?" என்றார் அம்மா.

கிடைக்காது. நம் நாட்டில் பரவலாக விற்கப்படும் வீட்டுப் பொருள் காப்புறுதியில் இரண்டு உள்வரம்புகள் உண்டு. தங்கம், வெள்ளி, நகை எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான். அதாவது 10,000 ரிங்கிட். தனியொரு பொருளுக்கு 5 விழுக்காடு. அதாவது 1,500 ரிங்கிட். மேசை நாற்காலி, தொலைக்காட்சி போன்றவற்றுக்கு இந்த 5 விழுக்காட்டு வரம்பு இல்லை. ஆனால் நகைக்கு உண்டு. இன்றைய விலையில் ஒரு பவுனே 1,500 ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

அம்மா கழுத்திலிருந்த தாலிக்கொடியைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ இதுக்கு?"

"விலையைக் குறிப்பிட்டுத் தனியா எழுதிச் சேர்க்கணும்மா. சந்தா கொஞ்சம் கூடும்."

கட்டடத்துக்கான காப்புறுதியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கப்பூர் பக்கத்தில் இருப்பதால், நம் பகுதியில் வீட்டு விலை என்றாலே நிலத்தின் விலையும் சேர்ந்துதான் வரும். காப்புறுதிக்கு நிலம் கணக்கில்லை. வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. அதற்குக் குறைவாக எழுதியிருந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். திரும்பக் கட்ட 4 லட்சம் ரிங்கிட் ஆகும் வீட்டை 2 லட்சத்துக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமையலறை எரிந்து 60,000 ரிங்கிட் சேதமானால், கைக்கு வருவது 30,000 மட்டுமே. பின்பக்கம் இழுத்துச் சமையலறையைப் பெரிதாக்கியவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துத் தொகையை உயர்த்த வேண்டும்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தை ஜோகூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 டிசம்பரிலும் அடுத்த மாதமும் நாட்டைப் புரட்டிய வெள்ளத்தில் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்றது புள்ளிவிவரத் துறை. அதில் வீடுகளின் இழப்பு மட்டும் 160 கோடி. ஆனாலும், வெறும் தீக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தால், தனியாகச் சேர்க்காதவரை வெள்ளச் சேதம் அதில் அடங்காது.

அடுத்த முறை முகவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். நகைக்கு வரம்பு எவ்வளவு? தொகை திரும்பக் கட்டும் செலவுக்கு ஈடாக இருக்கிறதா? வெள்ளம் அடங்குமா, அதில் நாம் ஏற்க வேண்டிய முதல் பங்கு எவ்வளவு? பதிலை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள்.