கைமாற்றாய் வந்த கைகள்

ஆகஸ்ட் 26, 2021, வியாழன்

ஜமைக்காவுக்கு அருகே கரீபியன் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கு மாலைக்குள் பெயர் வைத்துவிட்டார்கள்: ஐடா. அமெரிக்காவின் தெற்கு மாநிலமான லூசியானாவின் கரையைத் தொட இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் மின் நிறுவனங்களின் தொலைபேசிகள் ஓயாமல் அடிக்கின்றன. யாருக்கு எத்தனை பேர் வேண்டும், யாரால் எத்தனை பேரை விட முடியும் என்பதுதான் பேச்சு.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு மின்வாரியம் என்ற ஏற்பாடு கிடையாது. பங்குதாரர்களின் கம்பெனிகள், நகராட்சிகளின் மின்துறைகள், கிராமத்து விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுகள் என்று சுமார் 3,000 அமைப்புகள் மின்சாரம் வழங்குகின்றன. ஒவ்வொன்றும் சாதாரண நாளுக்குத் தேவையான ஆட்களைத்தான் சம்பளத்துக்கு வைத்திருக்கும். ஒரு பெரும்புயலுக்கு 25,000 லைன்மேன்கள் வேண்டும் என்றால், அத்தனை பேரையும் ஆண்டு முழுக்க உட்காரவைத்துச் சோறு போட எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவதுபோல் ஆட்களை வாங்கிக்கொள்கிறார்கள். தனியார் மின் நிறுவனங்கள் இதற்கென்றே நாட்டை ஏழு வட்டாரக் குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. நகராட்சிகளுக்கும் கூட்டுறவுகளுக்கும் தனித்தனி வலைப்பின்னல் உண்டு.

கைமாற்று என்றாலும் கணக்கு உண்டு. ஆட்கள் தங்கள் ஊரை விட்டுப் புறப்படும் நிமிடத்திலிருந்து கூலி, டீசல், சாப்பாடு, படுக்கை எல்லாம் அழைத்தவர் செலவு. மின் நிறுவனங்கள் தங்களுக்குள் இதில் லாபம் வைப்பதில்லை, ஆன செலவை மட்டும் வாங்கிக்கொள்ளும். கைமாற்றுக்கு வட்டி கிடையாதே.

ஆகஸ்ட் 27, வெள்ளி

ஐடா கியூபாவைக் கடக்கிறது. லூசியானாவின் நியூ ஆர்லியன்ஸ் நகர மேயர் லடோயா கான்ட்ரெல், நகரைக் கட்டாயமாகக் காலிசெய்ய இனி நேரமில்லை என்று அறிவிக்கிறார். எல்லாச் சாலைகளையும் வெளியேறும் திசைக்குத் திருப்பிவிட மூன்று நாள் முன்னறிவிப்பு வேண்டும். இந்தப் புயல் அதைக் கொடுக்கவில்லை. மருத்துவமனைகளையும் காலிசெய்ய வழியில்லை. கொரோனாவின் டெல்டா அலை உச்சத்தில் இருப்பதால் நோயாளிகளை ஏற்றுக்கொள்ள வேறெங்கும் இடமில்லை.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் ஒரு பக்கம், ஊருக்கு வருகிறவர்கள் எதிர்ப்பக்கம்.

ஆகஸ்ட் 28, சனி

லாரிகள் வரிசையாக வருகின்றன. தொட்டி பொருத்திய நீண்ட கையை மேலே தூக்கும் பக்கெட் லாரி, குழி தோண்டிக் கம்பம் நடும் லாரி, கம்பிச் சுருள்களை ஏற்றிய டிரெய்லர். சரக்கு வண்டி ஓட்டுநர் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் ஓட்டலாம் என்ற விதியை அரசு இந்த மாதிரி நாட்களில் தளர்த்திவிடும்.

எங்கே போய் நிற்பது என்பதில்தான் சாமர்த்தியம். கரைக்கு மிக அருகே நின்றால் லாரிகளே புயலுக்கு இரையாகும். மிகத் தள்ளி நின்றால், விழுந்த மரங்கள் சாலையை அடைத்த பிறகு ஒரு நாள் வீணாகும். புயலின் பாதைக்கு வெளியே, ஆனால் அரை நாள் ஓட்டத்தில் ஓர் இடம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். சேர வேண்டிய ஊருக்கே இன்னும் புயல் வந்திருக்காது. வேலை இருக்குமா, எவ்வளவு இருக்கும் என்பதை அறியாமலே வீட்டில் விடைபெற்று வந்திருப்பார்கள்.

சாலையே போதாத சமயமும் உண்டு. 2012-ல் சாண்டி புயல் நியூயார்க், நியூ ஜெர்சி பகுதிகளை இருட்டாக்கியபோது, கலிஃபோர்னியாவிலிருந்து பக்கெட் லாரிகளை அமெரிக்க விமானப்படையின் சி-5, சி-17 ராட்சத விமானங்களில் ஏற்றி நாட்டின் மறுகோடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். வட்டாரக் குழுக்கள் தனித்தனியே ஆட்களுக்கு அலைமோதினால் சரிவராது என்று அந்தப் புயல் கற்றுக்கொடுத்தது. நாடு முழுவதற்குமான ஒரு பொதுப் பங்கீட்டு முறையை மறு ஆண்டே உண்டாக்கினார்கள்.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

நண்பகலுக்குச் சற்று முன் போர்ட் ஃபூர்ஷோனில் ஐடா கரையேறுகிறது. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். கத்ரீனா புயல் இதே கரையில் ஏறி இன்றோடு சரியாகப் பதினாறு ஆண்டுகள்.

மாலைக்குள் நியூ ஆர்லியன்ஸுக்கு மின்சாரம் கொண்டுவரும் எட்டு உயரழுத்தப் பாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துபோகின்றன. ஆவண்டேல் பக்கம் மிசிசிப்பி ஆற்றைத் தாண்டிக் கம்பி கொண்டுபோன பெரிய இரும்புக் கோபுரம் முறுக்கிக்கொண்டு சாய்கிறது. கத்ரீனாவுக்கே அசையாத கோபுரம் அது. கம்பிகள் ஆற்றுக்குள் கிடக்க, கப்பல் போக்குவரத்தையும் நிறுத்த வேண்டியதாகிறது.

லூசியானாவில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருளில். இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கம்பெனிக் கணக்கில் வாடிக்கையாளர் என்றால் ஒரு மீட்டர். அதற்குப் பின்னால் ஒரு கிழவி தனியாக இருக்கலாம், ஆறு பேர் கொண்ட குடும்பம் இருக்கலாம், ஒரு மருத்துவமனையே இருக்கலாம்.

ஆகஸ்ட் 30, திங்கள்

இன்று கம்பம் ஏறுகிறவர்களைவிடக் கணக்கெடுக்கிறவர்களுக்குத்தான் வேலை. ஹெலிகாப்டரிலும் டிரோனிலும், சதுப்பு நிலத்தில் காற்றாடிப் படகிலும் போய் எது நிற்கிறது, எது விழுந்தது என்று பார்க்கிறார்கள். “ஆயிரக்கணக்கான ஆட்கள் வந்திருக்கிறார்களாமே, எங்கள் தெருவில் ஒருத்தரையும் காணோமே” என்று ஜனங்கள் எரிச்சல்படும் நாள் இதுதான். எரிச்சல் நியாயமானது. ஆனால் கணக்கெடுக்காமல் ஆட்களை அனுப்பினால், கம்பம் இல்லாத இடத்தில் கம்பிக்காரரும் கம்பி வேண்டாத இடத்தில் கம்பமும் போய் நிற்கும்.

முதல் கணக்கு பயமுறுத்துகிறது. 3,200 கிலோமீட்டருக்கு மேல் உயரழுத்தப் பாதை செயலிழந்திருக்கிறது. 216 துணை மின் நிலையங்கள் முடங்கியிருக்கின்றன. பிறகு வந்த முழுக் கணக்கில் விழுந்த, உடைந்த கம்பங்கள் மட்டும் 30,000-த்துக்கு மேல். கத்ரீனா, ஐக், டெல்டா, ஸீட்டா ஆகிய நான்கு புயல்களிலும் சேர்ந்து போனவற்றைவிட அதிகம். இதைப் பழுதுபார்ப்பு என்று சொல்வது பேச்சுக்குத்தான். பல இடங்களில் புதிதாக ஒரு மின்வலையையே கட்ட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

அலபாமாவிலிருந்து கெட்ட செய்தி. ஐடா சேதப்படுத்திய கம்பிகளைச் சரிசெய்துகொண்டிருந்த இரண்டு இளம் மின்பணியாளர்கள் வேலையிடத்திலேயே இறந்துபோனார்கள்.

வெளியூர்க்காரருக்கு ஆபத்து கூடுதல். இந்த ஊர்க் கம்பத்தில் எத்தனை வோல்ட் ஓடுகிறது, எந்த ஃபீடர் எங்கிருந்து வருகிறது, எந்தச் சுவிட்சைத் திறந்தால் எந்தத் தெரு அணையும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குக் கைரேகை. வந்தவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு வெளியூர்க் குழுவோடும் உள்ளூர்க் கம்பெனியின் ஆள் ஒருவர் வழிகாட்டியாகப் போவார். மோப்பம் பிடித்து முன்னே ஓடும் வேட்டைநாயின் பெயரைத்தான் லைன்மேன்கள் அவருக்குச் செல்லமாக வைத்திருக்கிறார்கள்.

வழிகாட்டியாலும் காண முடியாத ஓர் ஆபத்து இருக்கிறது: வீட்டு ஜெனரேட்டர். முறைப்படி மாற்றுச் சுவிட்ச் வைக்காமல் யாராவது அதை வீட்டு வயரிங்கில் நேராகச் செருகிவிட்டால், அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் வயர் வழியாக வெளியே போய், தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குள் பின்பக்கமாக நுழைந்து, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மறுபக்கம் வெளிவரும். செத்த கம்பி என்று நம்பித் தொடுகிறவரின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் சோதித்துப் பார்த்து, இருபுறமும் எர்த் கட்டிய பிறகே கை வைக்க வேண்டும் என்பது அவர்களிடம் வேதவாக்கு. இதே ஜெனரேட்டர் வீட்டுக்குள்ளும் கொல்கிறது. கார்பன் மோனாக்சைடு வாயுவால் லூசியானாவில் இந்த நாட்களில் பலர் உயிரிழந்தார்கள்.

செப்டம்பர் 1, புதன்

நள்ளிரவு தாண்டியதும் நியூ ஆர்லியன்ஸின் கிழக்குப் பகுதியில் சில தெருக்களுக்கு வெளிச்சம் வருகிறது. ஸ்லைடெல் பக்கத்திலிருந்து வரும் ஓர் உயரழுத்தப் பாதையையும், உள்ளூர் மக்களின் எதிர்ப்புக்கிடையே கட்டிய எரிவாயு மின்நிலையத்தையும் வைத்து முதல் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள்.

வரிசை எப்போதும் மேலிருந்து கீழ்தான். முதலில் உயரழுத்தப் பாதை, அடுத்து துணை மின் நிலையம், பிறகு மருத்துவமனை, குடிநீர் நிலையம், அவற்றுக்குப் போகும் ஃபீடர்கள், அதன்பின் கிளைக் கம்பிகள், கடைசியில் தனி வீடு. ஒரு கம்பியைக் கட்டினால் ஆயிரம் வீட்டில் விளக்கு எரியும் இடத்துக்குத்தான் முதல் லாரி போகும். இரண்டு வீட்டில் விளக்கு எரியும் சந்துக்குக் கடைசி லாரி. சந்தின் கோடியில் இருப்பவர் ஏழையா, நோயாளியா என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அது இந்த முறையின் குறை என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் நியூ ஆர்லியன்ஸில் ஐடாவின்போது காற்றையும் வெள்ளத்தையும்விட அதிகம் பேரைக் கொன்றது, மின்விசிறியும் ஏசியும் ஓடாத வீடுகளில் சூழ்ந்த வெப்பம்தான். அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

இதே நாள் இரவு ஐடாவின் மிச்சம் 2,000 கிலோமீட்டர் தள்ளி நியூயார்க்கில் கொட்டுகிறது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 80 மில்லிமீட்டர். நிலவறை வீடுகளில் குடியிருந்தவர்கள் வெள்ளத்தில் சிக்கி இறந்தார்கள். ஆள் அனுப்பும் ஊர் எது, ஆள் கேட்கும் ஊர் எது என்பதைப் புயல் வாரத்துக்குள்ளேயே மாற்றி எழுதிவிடும்.

செப்டம்பர் 5, ஞாயிறு

தொழிலாளர் தின விடுமுறை வாரம். உச்சத்தில் 25,000-த்துக்கு மேற்பட்டவர்கள், சுமார் 40 மாநிலங்களிலிருந்து வந்தவர்கள், களத்தில் இருக்கிறார்கள். இவ்வளவு பேர் எங்கே படுப்பது? ஓட்டல்களில் பாதி இருட்டில், மீதியில் வீடிழந்தவர்கள். அதனால் பெரிய வாகன நிறுத்தத் திடல்களில் கூடாரம் அடித்து ஓர் ஊரையே உண்டாக்குகிறார்கள். அடுக்குப் படுக்கை போட்ட டிரெய்லர்கள், குளியல் டிரெய்லர்கள், சமையல் கூடம், சலவை, மருத்துவ உதவி. ஆட்கள் தூங்கும்போது டீசல் வண்டி வரிசையாகப் போய் எல்லா லாரிகளிலும் எண்ணெய் நிரப்பும். 16 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு என்பது பொது வழக்கம். செப்டம்பர் வெயிலில் ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு 16 மணி நேரம் என்றால் என்ன என்பதை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கூடார ஊர் அமைவது சாலை இருப்பதால். நான்கு ஆண்டுகளுக்கு முன், 2017 செப்டம்பர் 20-ல், மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோ தீவு முழுவதையும் இருட்டாக்கியபோது நிலைமை வேறு. சுற்றிலும் கடல், லாரிகள் கப்பலில்தான் வர வேண்டும். போதாததற்குத் தீவின் மின்வாரியமே ஒரு பெரிய பிழையைச் செய்தது. மற்ற நகராட்சி மின்துறைகளிடம் உடனே கைமாற்று கேட்காமல், மான்டானாவின் ஒயிட்ஃபிஷ் எனர்ஜி என்ற சிறு கம்பெனியோடு 30 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. மரியா தாக்கிய நாளில் அந்தக் கம்பெனியில் முழுநேர ஊழியர்கள் இரண்டே பேர். கூச்சல் எழுந்து அக்டோபர் இறுதியில் ஒப்பந்தத்தை ரத்துசெய்தார்கள், நவம்பரில் மின்வாரியத் தலைவர் பதவி விலகினார். கடைசி வீடுகளுக்கு விளக்கு எரிய ஏறத்தாழ பதினோரு மாதம் ஆயிற்று. மரியா வந்த அதே செப்டம்பரில் ஃபுளோரிடாவைத் தாக்கிய இர்மா புயலுக்கு, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்து 60,000 பேர் திரண்டிருந்தார்கள். அங்கே மாநிலத்தின் மிகப் பெரிய மின் நிறுவனம் 44 லட்சம் இணைப்புகளையும் பத்தே நாளில் மீட்டது. தீவின் தொலைவும் பழைய கம்பிகளும் காரணம்தான். கேட்க வேண்டியவர்களிடம் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காததும் காரணம்.

செப்டம்பர் 8, புதன்

நியூ ஆர்லியன்ஸ் நகரில் அநேகமாக எல்லா இடத்திலும் விளக்கு எரிகிறது. தெருவுக்கு மின்சாரம் வந்தும் சில வீடுகள் மட்டும் இருட்டு. வீட்டுச் சுவரில் கம்பி வந்து இறங்கும் குழாயும் மீட்டர் பெட்டியும் வீட்டுக்காரருடைய சொத்து. அவை பெயர்ந்திருந்தால் சொந்தச் செலவில் எலெக்ட்ரீஷியனைப் பிடித்து மாட்டிய பிறகே லைன்மேன் இணைப்புக் கொடுப்பார். எதிர்வீட்டில் ஏசி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எலெக்ட்ரீஷியனுக்காக ஒரு வாரம் காத்திருப்பது கொடுமை.

செப்டம்பர் 14, செவ்வாய்

டெக்சாஸ் கரையில் நிக்கலஸ் என்ற புயல் ஏறி, ஹூஸ்டன் வட்டாரத்தில் லட்சக்கணக்கான இணைப்புகளைத் துண்டிக்கிறது. அதன் மழை லூசியானாவிலும் விழுகிறது. காற்று வலுத்தால் பக்கெட்டை மேலே தூக்கக் கூடாது என்பது விதி. லாரிக்குள் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 29, புதன்

டெரபோன், லஃபூர்ஷ் பாரிஷ்களின் (லூசியானாவின் மாவட்டங்கள்) தென்கோடிக்கு மின் நிறுவனம் தானே வைத்துக்கொண்ட கெடு இன்று. சதுப்பு நிலத்தில் சாதாரண லாரி இறங்காது. சங்கிலிச் சக்கரம் வைத்த சேற்று வண்டிகளில்தான் கம்பத்தைக் கொண்டுபோய் ஊன்ற வேண்டும். கடலோரத்தில் மின் இணைப்பை ஏற்கத் தகுந்த வீடே மிஞ்சாத தெருக்களும் இருந்தன. பெரும்பாலான வெளியூர்க் குழுக்கள் அதற்குள் திரும்பிவிட்டன.

பில் பிறகு வந்தது. முந்தைய ஆண்டின் லாரா, டெல்டா, ஸீட்டா புயல்களின் செலவோடு ஐடாவின் செலவையும் சேர்த்துக் கடன்பத்திரமாக மாற்றி, மாதாமாதம் மின்கட்டணத்தில் புயல் கட்டணம் என்று ஒரு வரியாக வசூலிக்கிறார்கள். இருட்டில் உட்கார்ந்திருந்தவரே விளக்கேற்றிய கூலியையும் பல ஆண்டுகளுக்குத் தவணையில் கட்டுகிறார். இந்தக் கம்பிகளில் எத்தனையைப் புயல் வருமுன்பே பலப்படுத்தியிருக்கலாம் என்ற கேள்வியை லூசியானாவில் அன்று பலர் கேட்டார்கள். கேட்டது சரியான கேள்வி.

மறு ஆண்டு செப்டம்பர் 28 அன்று இயன் புயல் ஃபுளோரிடாவில் கரையேறியது. 33 மாநிலங்களிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த சுமார் 44,000 பேரில் லூசியானாவின் லைன்மேன்களும் இருந்தார்கள்.