ஏவன் கரையில் ஒரு பதிவேடு

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஏவன் நதிக்கரையில் அமைந்துள்ளது ஸ்டிராட்போர்டு என்னும் ஊர். மகாகவி ஷேக்ஸ்பியர் பிறந்த ஊராதலின், யாத்திரிகர் வருகைக்கு அங்கே ஓய்வில்லை. ஆற்றை ஒட்டி நிற்கும் திரித்துவத் தேவாலயத்தில் கவியின் கல்லறை உள்ளது. அக்கல்லறையினும் நம் சிந்தையைக் கவர்வது அத்தேவாலயத்தின் பழம்பதிவேடு.

1538-ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு தேவாலயத்தின் குருவும், தம் பங்கில் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதி வைத்தல் வேண்டும் என்பதே அது. செல்வரும் வறியரும் ஒரே ஏட்டில் இடம் பெற்றனர்.

ஸ்டிராட்போர்டு ஏட்டில், 1564 ஏப்ரல் 26-இல், ஜான் ஷேக்ஸ்பியரின் மகன் வில்லியம் ஞானஸ்நானம் பெற்றதாக லத்தீன் மொழியில் ஒரு வரி உள்ளது. பிறந்த நாள் அதில் இல்லை. பெற்ற அன்னையின் பெயரும் இல்லை! 1585 பிப்ரவரி 2-இல் கவியின் இரட்டைக் குழந்தைகளான ஹாம்னெட், ஜூடித் ஆகியோரின் ஞானஸ்நானம். 1596 ஆகஸ்டு 11-இல் ஹாம்னெட்டின் அடக்கம். பதினொரு வயதுப் பாலகனின் வாழ்வு இரண்டே வரிகளில் முடிந்துவிடுகிறது.

கவியின் தந்தை அடக்கம் செய்யப்பெற்றது 1601 செப்டம்பர் 8 என்கிறது ஏடு. அவருடைய ஞானஸ்நானத்தையோ அதில் காண இயலாது. அவர் பிறந்த காலத்தில் இத்தகைய ஏடுகளே தோன்றவில்லை. மேலும், அவர் அயலிலுள்ள ஸ்னிட்டர்பீல்டு கிராமத்திலிருந்து குடியேறியவர். 1552-இல் ஹென்லி தெருவில் குப்பைமேடு குவித்தமைக்காக அபராதம் விதிக்கப்பெற்றார் என்னும் வழக்குக் குறிப்பே, அவர் அவ்வூரில் வாழ்ந்ததற்கு நாம் காணும் முதற் சான்று! ஸ்னிட்டர்பீல்டு உழவர் ரிச்சர்டின் உடைமைகளை நிர்வகிக்கும் பொறுப்பு 1561-இல் ஜானிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாவணத்தின் துணையாலேயே கவியின் பாட்டனாரை அறிகிறோம்.

ஊர் பெயர்ந்த குடும்பத்தின் வரலாற்றிழை எத்துணை எளிதில் அறுந்துவிடுகிறது! அன்று ஏடெழுதியவர், அக்குழந்தை மகாகவியாகும் என்று அறிந்து எழுதினாரல்லர். கடமையெனக் கருதி எழுதினார்.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நம் இல்லங்கள்தோறும் அத்தகைய ஏடு ஒன்று இருத்தல் நன்று. பாட்டனார் பெயரோடு பாட்டியார் பெயரையும், அவர்தம் ஊரையும் அதில் எழுதி வைப்போமாக. கேட்டால் சொல்லப் பெரியோர் நம்மோடு இருக்கும்போதே எழுதுவோமாக.