ப்ளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிப்பவர்கள்

2025-26 முதல் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. மாநிலக் கல்விக் கொள்கையோடு வந்த முடிவு இது. அடுத்தடுத்து மூன்று வருஷம் போர்டு எக்ஸாம் என்பது பிள்ளைகளுக்குப் பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஈரோட்டுத் தனியார் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு, ஜூன் மாதமே ப்ளஸ் ஒன் வகுப்பில் ப்ளஸ் டூ புத்தகத்தைப் பிரிக்கச் சொன்ன காலம் ஞாபகம் வருகிறது.

2007-இல் நுழைவுத் தேர்வு போய், ப்ளஸ் டூ மார்க்கே எல்லாம் என்றானதும் அந்தப் பழக்கம் வேர்விட்டது. ஈரோடு, நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். இரண்டு வருஷமும் ஒரே போர்ஷன். ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன், திரும்பவும் ரிவிஷன். சென்டம் வாங்கினார்கள். ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ்.

அதில் என்ன கெட்டுப்போச்சு என்பவர்களுக்கு மாறுதிசை மின்னோட்டப் பாடத்தைத்தான் காட்டுவேன். மின்தேக்கிச் சுற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்தை விடத் தொண்ணூறு டிகிரி முந்தும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். முந்துவது என்றால் என்ன, எதை வைத்து முந்துகிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். காரணம், கட்டம் என்பதை அவர்கள் ப்ளஸ் ஒன் அலைவுகள் பாடத்தில் பார்த்திருக்க வேண்டும். அதை நடத்தவே இல்லை. நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டுக் காட்டுவேன். ஓரத்தில் குண்டு ஒரு கணம் நிற்கும். இடப்பெயர்ச்சி உச்சம், வேகம் பூஜ்யம். நடுவில் பாய்ந்து போகும். வேகம் உச்சம், இடப்பெயர்ச்சி பூஜ்யம். இப்போது இடப்பெயர்ச்சிக்குப் பதில் மின்னூட்டத்தையும் வேகத்துக்குப் பதில் மின்னோட்டத்தையும் வையுங்கள். மின்தேக்கி நிரம்பிய கணத்தில் மின்னோட்டம் பூஜ்யம். இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு மனப்பாடமே வேண்டாம். ஆனால் குண்டை ஆடவிடப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் நான்கு புக்-பேக் கேள்வி முடித்திருக்கலாமே என்று என்னிடமே நிர்வாகத்தில் கேட்டிருக்கிறார்கள்.

குரூப் கொடுப்பதும் இதே கணக்குத்தான். பத்தாம் வகுப்பில் மார்க் எடுத்தால் ஃபர்ஸ்ட் குரூப், குறைந்தால் காமர்ஸ். மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும் சோறு போடும் ஊரில் வணிகவியலைத் தண்டனை மாதிரிக் கொடுக்கிறோம்.

தமிழ்நாட்டில் 2017-இல் நீட் வந்தபோதுதான் பெற்றோருக்கு உறைத்தது. அதில் ப்ளஸ் ஒன் பாடமும் ஏறக்குறையப் பாதி. அந்த வருஷமே, நம் கோபிசெட்டிபாளையத்துச் செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்தபோது, ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமே, உயர்கல்விக்கு அந்த மார்க்கைச் சேர்க்கப் போவதில்லை என்றார்கள். பாதி பயம் அன்றைக்கே போய்விட்டது. இருந்தாலும் பரீட்சை என்று ஒன்று இருந்ததால் பாடமாவது நடந்தது.

போன மாதம் தெரிந்த பெற்றோர் ஒருவர் கேட்டார்: "அதான் போர்டு எக்ஸாம் இல்லீங்களே சார், இனி நேரா ப்ளஸ் டூ போர்ஷனையே ஆரம்பிச்சிருவாங்களுங்களா?" சந்தோஷமாகத்தான் கேட்டார். இளம் ஆசிரியர்களும் அதே நினைப்பில் இருக்கிறார்கள்; அவர்களே அப்படிப் படித்து வந்தவர்கள்தான்.

பரீட்சை வேண்டாம் என்றால் வேண்டாம். அதிகாரிகள் டிசம்பரில் முன்னறிவிப்பில்லாமல் ஒவ்வொரு பள்ளிக்கும் வந்து ப்ளஸ் ஒன் செய்முறை நோட்டைப் பிரித்துப் பார்க்கட்டும். தனி ஊசலுக்கு எடுத்த அளவுகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறாக இருக்கிறதா, கரும்பலகையிலிருந்து காப்பியடித்ததா என்று பார்த்தாலே போதும்.